ஏரிக்கரையில் பறவை வரைதல்: பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஒரு முழுமையான வழிகாட்டி

9 முதல் 13 வயது வரையுள்ள 24 பிள்ளைகள், மூன்று பெரியவர்கள், நடந்து போகும் தூரத்தில் ஓர் ஏரியோ குளமோ கண்மாயோ. இந்தக் கணக்கில்தான் கீழே உள்ள படிகள் எழுதப்பட்டிருக்கின்றன. வாரம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், மொத்தம் ஆறு வாரம். நவம்பர் மூன்றாம் வாரம் தொடங்கினால், அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் விட்டாலும், பொங்கலுக்குள் முடிந்துவிடும். ஜனவரி 26 கிராம சபைக்கு முன்பே முடிவது ஏன் நல்லது என்பது 8ஆம் படியில் வருகிறது.

பல இடங்களில் வரிசை தலைகீழாக இருக்கிறது. 'பறவைகளைக் காப்போம்' என்று சுவரொட்டி எழுதுவது முதல் நாள், பறவையைப் பார்ப்பது கடைசி நாள் சுற்றுலாவில். அப்படிச் செய்த சுவரொட்டிகளில் பென்குயினும் பஞ்சவர்ணக்கிளியும் இருக்கும், ஊர் ஏரியில் நிற்கும் மடையான் இருக்காது. இங்கே பார்ப்பது முதலில், வரைவது அடுத்து, நிறம் அதற்கும் பிறகு, பாதுகாப்புப் பேச்சு கடைசியில்.

1. எட்டுப் பறவைகளை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் நீங்கள் தனியாக இரண்டு காலை ஏரிக்குப் போய் வாருங்கள். 6.30 முதல் 8.30 வரை போதும். இரண்டு நாளும் கண்ணில் பட்டது, ஒரு நிமிடமாவது ஒரே இடத்தில் நிற்பது, பைனாகுலர் இல்லாமலே உருவம் தெரிவது: இந்த மூன்றுக்கும் தேறும் பறவைகளை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

பெரும்பாலான ஏரிகளுக்கு இது ஒத்துவரும்: மடையான் (குளத்துக்கொக்கு), சின்ன வெள்ளைக்கொக்கு, நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், ஆள்காட்டி, வெண்மார்பு மீன்கொத்தி, கரிச்சான். தூரத்தில் மிதக்கும் வாத்துகள், வானத்தில் வட்டமிடும் பருந்து வகைகள், புதருக்குள் ஓடும் சிறு குருவிகள் எல்லாம் முதல் வருடத்துக்கு வேண்டாம். பிள்ளை பார்க்கத் தொடங்கும்போதே அவை போய்விடும், பிறகு கற்பனையில்தான் வரையும்.

பெயர்களைச் சொல்லிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். தமிழ்ப் பெயர்களில் பாதி, படம் போன்றவை. நெற்றியில் வெள்ளை நாமம் போட்டதால் நாமக்கோழி. ஆள் வந்தால் கத்திக் காட்டிக் கொடுப்பதால் ஆள்காட்டி. முழுகி முழுகி எழுவதால் முக்குளிப்பான். கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை, வாலாட்டி எல்லாமே அப்படித்தான். பிள்ளைகள் முதலில் வரைந்து தாங்களே ஒரு பெயர் வைக்கட்டும். ஊர்ப்பெயரை நீங்கள் பிறகு சொல்லும்போது, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கண்டு துள்ளுவார்கள்.

2. பொருள்கள்

- பரீட்சை அட்டை, ஆளுக்கு ஒன்று. கிளிப்பின் எதிர்ப்பக்கத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். ஏரிக்கரையில் காற்று அடித்தால் தாள் புரண்டுகொண்டே இருக்கும்.
- ஏ4 வெள்ளைத்தாள், ஆளுக்கு 30. ஜெராக்ஸ் தாளே போதும். விலை உயர்ந்த வரைபடப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடுமோ என்று பயந்து கோடு போடாது.
- 2பி பென்சில், ஆளுக்கு இரண்டு. கூர்மையான எச்பி பென்சில் சன்னமான, தயங்கிய கோட்டைத்தான் தரும்.
- ரப்பர் வேண்டாம். பெட்டியில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும், விட்டுக்கொடுக்காதீர்கள். தவறான கோட்டை அழிக்கும் நேரத்தில் பறவை பறந்துவிடும். தவறான கோடு பக்கத்திலேயே இருந்தால்தான் அடுத்த கோடு எங்கே போக வேண்டும் என்று தெரியும்.
- வாட்டர் கலர் கேக் பெட்டி, இருவருக்கு ஒன்று. 4ஆம், 8ஆம் எண் தூரிகை ஒவ்வொன்று. நிறத்துக்கு மட்டும் தடித்த டிராயிங் தாள். ஜெராக்ஸ் தாளில் தண்ணீர் பட்டால் சுருண்டுவிடும்.
- பைனாகுலர், எட்டுப் பேருக்கு ஒன்று. 7×35 அல்லது 8×40 நல்லது. 10×50 வேண்டாம். பிள்ளைகள் கையில் அது நடுங்கும். சூரியன் இருக்கும் பக்கம் திருப்பக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
- பெரிய சார்ட் நான்கு, நீலக் கண்ணாடித்தாள் இரண்டு, துணி உலர்த்தும் கிளிப் எட்டு. இவை 8ஆம் படிக்கு.

வெள்ளைச் சட்டைச் சீருடையில் கூட்டிப் போகாதீர்கள். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை நிறத்தில் பழைய உடை போதும்.

3. முதல் வாரம்: ஞாபகத்திலிருந்து ஒரு காகம்

ஏரிக்குப் போக வேண்டாம். வகுப்பறையில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, எதையும் பார்க்காமல் ஒரு காகம் வரையச் சொல்லுங்கள். பத்து நிமிடம். பெயரும் தேதியும் எழுதி வாங்கி, காட்டாமல் உள்ளே வையுங்கள்.

பிறகு அனைவரையும் வெளியே அழைத்துப் போய் ஒரு உண்மையான காகத்தைக் காட்டுங்கள். தினமும் பார்க்கும் பறவைதான். ஆனாலும் கிட்டத்தட்ட எல்லாரும் முழுக்கருப்பாகத் தீட்டியிருப்பார்கள். வீட்டுக் காகத்தின் கழுத்தும் பிடரியும் சாம்பல் நிறம். முழுக்கருப்பாக, தடித்த அலகோடு இருப்பது அண்டங்காக்கை. அதைக் கண்டதும் ஒருவர் விடாமல் மறுபடி வரையக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், கடைசி வாரம் வரை அது காத்திருக்கட்டும்.

அதே நாளில் அளவு ஏணியையும் முடித்துவிடலாம். சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ., மைனா 23 செ.மீ., காகம் 42 செ.மீ. மூன்றையும் தரையில் சாக்பீஸால் உண்மை அளவில் வரைய வையுங்கள். இனி எந்தப் புதுப் பறவைக்கும் 'மைனாவை விடச் சின்னது, குருவியை விடப் பெரியது' என்று சொல்லிப் பழகுவார்கள். புத்தகத்தில் உள்ள நீளம், அலகு நுனி முதல் வால் நுனி வரை எடுத்த அளவு. நிற்கும் உயரம் அல்ல. இதைச் சொல்லாவிட்டால் 60 செ.மீ. கொக்கை 60 செ.மீ. உயரத்துக்கு நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

4. இரண்டாம் வாரம்: பென்சில் இல்லாமல் பார்த்தல்

ஏரிக்கரைக்குக் காலை 6.30க்குள் சேர்ந்துவிடுங்கள். எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர். தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது, கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) பக்கமும் மதகுப் பக்கமும் போகக் கூடாது. மழைக்காலத்தில் கரை வழுக்கும்.

முதல் பத்து நிமிடம் தாளை எடுக்க விடாதீர்கள். ஒரு பறவையை எல்லாரும் பார்க்கட்டும், ஒரு விரலால் அதன் ஓரத்தைக் காற்றில் மெதுவாக வரையட்டும். அலகில் தொடங்கி முதுகு, வால், வயிறு, கால், மீண்டும் அலகு. கண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் விரலும் நிற்க வேண்டும். கண்ணும் கையும் ஒன்றாக நகரப் பழகுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையைத் தூக்கி அசையாமல் நின்றால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள். அங்கேயே நின்று மெதுவாகப் பத்தடி பின்வாங்குங்கள். கூடுகள் உள்ள மரத்தடிக்கு ஒருபோதும் போகக் கூடாது. தாய்ப்பறவைகள் கலைந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காகம் காத்திருக்கும். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம்.

இறகு, முட்டை ஓடு, கூடு எதையும் வகுப்புக்கு எடுத்து வர விடாதீர்கள். கிடந்த இடத்திலேயே உட்கார்ந்து வரையலாம். குறிப்பாகத் தூக்கணாங்குருவிக் கூடு. 'காலியாகத்தானே இருக்கிறது' என்று பனையிலிருந்து பறித்துக் கண்காட்சியில் தொங்கவிடுவது பள்ளிகளில் சகஜமாகிவிட்டது. அந்தப் பழைய கூட்டில் வேறு சிறு குருவிகள் வந்து குடியேறுவது உண்டு. கூடுகளைச் சிதைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகவும் ஆகலாம்.

5. அதே காலை: 30 வினாடிக் கோடு

இப்போது தாளை எட்டாக மடித்து, எட்டுக் கட்டத்திலும் ஒவ்வொரு 30 வினாடிப் படம். நேரத்தை நீங்கள் சத்தமில்லாமல் கையால் காட்டுங்கள். பறவை நகர்ந்தால் அடுத்த கட்டம், பழைய படத்துக்குத் திரும்பக் கூடாது.

30 வினாடியில் இறகு வரைய முடியாது, கண்ணும் வரைய முடியாது. நிற்கும் சாய்வு மட்டும்தான் தாளில் விழும். அதுதான் வேண்டும். நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்தும் நிலை, மடையான் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக் குந்தியிருக்கும் நிலை, ஆள்காட்டி நாலடி ஓடிக் குனியும் நிலை. தூரத்தில் நிறமே தெரியாதபோதும் பறவையை அடையாளம் காண்பது இந்தச் சாய்வால்தான்.

முதல் இரண்டு கட்டத்தில் எல்லாரும் கண்ணில் தொடங்குவார்கள், கட்டம் நிரம்பாது. மூன்றாவதில் 'முதுகுக்கோடு ஒன்றுதான், வேறெதுவும் போடாதே' என்று சொல்லுங்கள். ஐந்தாவதிலிருந்து பறவை தெரியத் தொடங்கும். தாளின் பின்புறத்தில் 15 நிமிடத்தில் கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறிக்கச் செய்யுங்கள். பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு இ-பேர்ட் செயலியில் பெரியவர் ஒருவர் ஏற்ற, இதே பழக்கம் கைகொடுக்கும்.

6. மூன்றாம் வாரம்: உடலைச் சரியாகக் கட்டுதல்

இது வகுப்பறையில், அவரவர் 30 வினாடிப் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு. வரிசை மாறக் கூடாது.

சாய்வுக்கோடு முதலில். அதன்மேல் முட்டை வடிவில் உடல், பிறகு தலைக்கு ஒரு வட்டம். கண் வைக்கும் முன் அலகை வையுங்கள். அலகு தலையின் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டை உள்ளே நீட்டினால் கண் அதற்குச் சற்று மேலே விழும். கண்ணை முதலில் வைத்தால் முகம் மனித முகமாகிவிடும். அலகில் சிரிப்பு வளைவும் தானாக வந்து உட்காரும்.

அடுத்து கால். இங்கேதான் அதிகம் சறுக்குவார்கள். பறவையின் கால் பின்னால் மடங்குவதைப் பார்த்து 'முட்டி தலைகீழ்' என்பார்கள். அது முட்டி அல்ல, கணுக்கால். உண்மையான முட்டி வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது. எல்லாரையும் எழுப்பி நுனிக்காலில் நிற்க வைத்து, தரையில் படாத தங்கள் குதிகாலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'கொக்கு நாள் முழுக்க இப்படி நிற்கிறது' என்று சொன்னால் போதும், அடுத்த படத்தில் கால் சரியாகிவிடும்.

பாதம், உடல் எடை விழும் இடத்துக்கு நேர்க்கீழே வர வேண்டும். ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துச் சரிபார்க்கலாம். இல்லையென்றால் பறவை குப்புற விழுவது போல இருக்கும். விரல்கள் பெரும்பாலான பறவைக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. கிளிக்கும் மரங்கொத்திக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

இறக்கையில் மீன் செதில் போல அடுக்கடுக்காக வளைவு போடுவார்கள். தடுத்து, மூன்று தொகுதியாக மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள்: தோளருகே சின்ன இறகுகள், நடுவில் நடுத்தரம், பின்னால் நீண்டு மடங்கிய இறகுகள். அதற்கு மேல் இந்த வயதில் தேவையில்லை.

7. நான்காம் வாரம்: நிறம்

ஏரிக்குப் போய் நிறத்தை எழுத்தில் குறித்து வர வேண்டும், பெயின்ட் எடுத்துப் போக வேண்டாம். 'பழுப்பு' என்று எழுதினால் ஏற்காதீர்கள். என்ன பழுப்பு? மீன்கொத்தியின் தலை கருப்பட்டி நிறம். மடையானின் முதுகு நனைந்த வைக்கோல் நிறம். ஆள்காட்டியின் கால் பச்சை மஞ்சள் கிழங்கு நிறம். வீட்டில் உள்ள பொருளோடு ஒப்பிட்டு எழுதியது மறக்காது. திரும்பி வந்து கலக்கும்போது எதைத் தேடுகிறோம் என்பதும் தெரியும்.

புத்தகத்தைப் பார்த்து நிறம் அடிப்பதுதான் இந்த வாரத்தின் பெரிய பிழை. புத்தகங்களில் பெரும்பாலும் இனப்பெருக்கக் கால உடை இருக்கும். குளிர்காலத்தில் முக்குளிப்பான் மங்கிய பழுப்பு. கழுத்தின் செங்கல் நிறம் பிறகுதான் வரும். உண்ணிக்கொக்கு இப்போது முழு வெள்ளை, ஆரஞ்சு இல்லை. பிள்ளை தன் குறிப்பை விட்டுப் புத்தகத்தை நம்பினால், இதுவரை பார்த்தது வீண்.

கரிச்சானுக்கும் காகத்துக்கும் பெட்டியில் உள்ள கருப்பை எடுக்க விடாதீர்கள். அடர் நீலமும் பழுப்பும் கலந்தால் உயிருள்ள கருப்பு வரும், வெயிலில் மினுங்கும் நீலமும் அதிலேயே இருக்கும்.

வெள்ளைக்கொக்கை எப்படி வரைவது? வெள்ளைத்தாளில் கருப்புக் கோடு கட்டி உள்ளே காலியாக விடுவார்கள். கொக்கைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள தண்ணீரையும் கோரையையும் தீட்டச் சொல்லுங்கள். பென்சில் ஓரத்திலிருந்து 8ஆம் எண் தூரிகையில் நீர்த்த பச்சை, வெளியே போகப் போக அடர்த்தி. சுற்றிலும் நிறம் ஏற ஏறத் தாளின் வெள்ளை கொக்காக எழுந்து நிற்கும். கடைசியில் அலகும் காலும் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். தண்ணீரைத் தீட்டாமல் கொக்கு வராது என்பதைக் கை கற்றுக்கொள்வது அடுத்த படிக்குக் கதவு திறக்கிறது. நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

மடையானுக்கு இரண்டு கட்டம்: ஒன்றில் நிற்பது, ஒன்றில் பறப்பது. நிற்கும்போது சேற்றோடு சேறாகத் தெரியாது. பறந்ததும் இறக்கை பளிச்சென்று வெள்ளை.

8. ஐந்தாம் வாரம்: ஏரியை வெட்டிப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான்.

இரண்டு சார்ட்டை நீளவாக்கில் ஒட்டினால் சுமார் 140 செ.மீ. வரும். ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அது ஏரியோரத்தின் 7 மீட்டர். ஒரு முனையில் தரை, மறுமுனையில் 1 மீட்டர் ஆழம், அதாவது சார்ட்டில் 20 செ.மீ. இரண்டையும் நேர்ச்சரிவால் இணையுங்கள். ஏரியின் உள்வாய்ப் பக்கம் (கரைக்கு எதிரே, நீர் வந்து சேரும் பக்கம்) இப்படித்தான் மெல்லச் சரியும்.

மீதி இரண்டு சார்ட்டிலும் அதே ஏரி, ஆனால் பொக்லைன் வைத்துக் கிண்ணம் போலத் தோண்டியது: தரை முடிந்ததும் நேராக 2 மீட்டர் பள்ளம், சார்ட்டில் 40 செ.மீ.

பிள்ளைகள் தங்கள் பறவைகளை அதே அளவில் வெட்டி எடுக்க வேண்டும். சின்ன வெள்ளைக்கொக்கு நீளம் 12 செ.மீ., ஆள்காட்டி 6.5 செ.மீ., முக்குளிப்பான் 5.5 செ.மீ. அளவில் இங்கே ஏமாற்ற விடாதீர்கள். கால் நீளம் தப்பானால் பாடமே தப்பாகும்.

நீலக் கண்ணாடித்தாளைக் கிளிப்பால் பிடித்து நீர்மட்டமாக வையுங்கள். ஒவ்வொருவராக வந்து தன் பறவைக்கு இடம் தேடட்டும். ஆள்காட்டிக்குக் கரை. கொக்குக்குக் கால் எட்டும் ஆழம், வயிறு நனையக் கூடாது. முக்குளிப்பானும் நீர்க்காகமும் ஆழத்தில். சரிவான ஏரியில் 15 செ.மீ.க்குக் குறைந்த தண்ணீர் 1 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில் இருக்கும், சார்ட்டில் 21 செ.மீ. கிண்ண ஏரியில் அப்படி ஒரு இடமே இல்லை.

இப்போது நீர்மட்டத்தை 4 செ.மீ. இறக்குங்கள், உண்மையில் 20 செ.மீ. சரிவான ஏரியின் சார்ட்டில் 28 செ.மீ. சேறு வெளிப்படும், உள்ளான்களும் (சேற்றில் இரை தேடும் சிறு பறவைகள்) ஆள்காட்டியும் வந்து நிற்கலாம். கிண்ணத்தில் தண்ணீர் இறங்கியது தெரியும், நிற்க ஓரம் கிடைக்காது. கொக்கு வைத்திருக்கும் பிள்ளை கையில் பறவையோடு நின்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பேசாதீர்கள்.

பிறகு சமன் செய்யுங்கள். ஆழமே கூடாது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடக் கூடாது. கோடைவரை தண்ணீர் நிற்கவும், பாசனத்துக்கும், நீர்க்காகம் கூழைக்கடா போன்றவற்றுக்கும் ஆழம் வேண்டும். கரைப்பக்கம் ஆழப்படுத்தி, உள்வாய்ச் சரிவை அப்படியே விடலாம் என்பதே கேட்கத் தக்க கோரிக்கை. இரண்டு சார்ட்டையும் சுருட்டி, ஜனவரி 26 கிராம சபைக்கு ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள். இரண்டு பிள்ளைகள், ஐந்து நிமிடம், நீலத்தாளை இறக்கிக் காட்டினால் போதும். உரை எழுதிக் கொடுக்க வேண்டாம், மனப்பாடம் செய்து ஒப்பித்தால் யாரும் சார்ட்டைப் பார்க்க மாட்டார்கள்.

9. சுவரொட்டியும் சன்னலும்

சுவரொட்டி செய்வதானால் ஒரு பறவை, ஒரு செயல், ஒரு ஆள். 'இயற்கையை நேசிப்போம்' என்பது யாரிடமும் எதையும் கேட்கவில்லை. 'மீன் பிடிப்பவர்களே, அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் போடாதீர்கள், காலில் சுற்றிக்கொள்கிறது' என்பது கேட்கிறது. மூன்று மீட்டரில் படிக்க எழுத்து 2.5 செ.மீ. உயரம் வேண்டும். பள்ளிச் சுவரில் ஒட்டாதீர்கள். அங்கே நரம்பு போடுபவர் வருவதில்லை. மதகருகே, டீக்கடையில், அனுமதி கேட்டு ஒட்டுங்கள்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காக ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அப்படி உங்கள் ஊரில் ஏற்கெனவே யாராவது செய்துவரும் ஒன்று இருந்தால், அதை வரைவது கண்டனச் சுவரொட்டியைவிட நன்றாக வேலை செய்யும்.

பள்ளியில் பெரிய கண்ணாடிச் சன்னல் இருந்தால், ஓவியமே பாதுகாப்பாகும் இடம் அது. கண்ணாடியில் தெரியும் மரத்தை உண்மை என்று நம்பிப் பறவைகள் மோதும். அக்டோபர், நவம்பரில் வலசை வரும் ஆறுமணிக்குருவி அடிபட்டுக் கிடப்பது இப்படியும்தான். ஒரே ஒரு கழுகு ஸ்டிக்கர் ஒட்டினால் பயனில்லை, அதன் பக்கத்தில் பாய்ந்து மோதும். புள்ளியோ இலையோ, எதை வரைந்தாலும் இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். உள்பக்கம் வரைந்தால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். போஸ்டர் கலர் மழையில் கரையும், தாழ்வாரச் சன்னலுக்கு மட்டும் ஆகும்.

10. ஆறாம் வாரம்: மறுபடியும் காகம்

அதே பத்து நிமிடம், அதே ஏ4 தாள், எதையும் பார்க்காமல். பிறகு முதல் வாரத் தாளை எடுத்துக் கொடுங்கள்.

மதிப்பெண் போடாதீர்கள். நான்கை மட்டும் பாருங்கள்: கழுத்தில் சாம்பல் இருக்கிறதா, கணுக்கால் பின்னால் மடங்குகிறதா, அலகு கண்ணுக்கு முன் வைக்கப்பட்டதா, காகம் எதன்மேலாவது நிற்கிறதா. முதல் மூன்றும் பெரும்பாலும் வந்துவிடும். நான்காவது, அதாவது மின்கம்பி, குப்பைத்தொட்டி, மாட்டின் முதுகு என்று ஏதோ ஓர் இடம், வராத பிள்ளைகளை மட்டும் அழைத்து 8ஆம் படியின் சார்ட்டில் இன்னொரு பறவைக்கு இடம் தேடச் சொல்லுங்கள்.